நாற்பத்தெட்டுக் குடம் நடந்த வேர்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. மாரியம்மன் மேல் சத்தியம், மரத்தடி முனி மேல் சத்தியம், இரண்டும் போதாது என்பவர்கள் கற்பூரத்தைக் கொண்டுவரட்டும், அணைத்துக் காட்டத் தயார். ஓரடியை இரண்டடி என்று எங்கேயும் நீட்டவில்லை. சில இடங்களில், படிப்பவர் மனம் தாங்காதே என்று, நடந்ததைக் கொஞ்சம் குறைத்துத்தான் எழுதியிருக்கிறது.

சுங்கை சிப்புட்டிலிருந்து பதினோராவது மைல் கல்லில் இருந்ததால் அதற்குப் பதினோராங்கட்டைத் தோட்டம் என்று பெயர். ரப்பர் போய் எண்ணெய்ப்பனை வந்தது. அதுவும் போய் இப்போது பெயர்தான் தோட்டம். லயத்து வீடுகளில் இருந்தவர்கள் ஈப்போவுக்கும் ஆயர் தாவாருக்கும் போய், ஃபேக்டரியில், லாரியில், செக்யூரிட்டியில் என்று ஆளுக்கொரு பக்கம் ஒட்டிக்கொண்டார்கள். அங்கே மிஞ்சியது ஒரு மாரியம்மன் கோயில், அதன் பக்கத்தில் முனி குடியிருக்கும் ஒரே ஒரு ரப்பர் மரம், எதிரே ஒரு பந்துத் திடல். திடலை யாரும் திடல் என்று சொல்வதில்லை. படாங் என்றால்தான் அதற்கே திரும்பிப் பார்க்கத் தெரியும்.

சித்திரை மாதம் அந்தப் படாங்கின் நடுவில் தீமிதிக் குழி வெட்டுவார்கள். முப்பத்தோரு வருஷமாக அந்தக் குழியை அளந்து, வெட்டி, விறகு அடுக்கி, தணலைத் தட்டிப் பரப்புகிறவர் சன்னாசி. வயது அறுபத்தொன்பது. மற்ற நாளெல்லாம் குனோங் ராபாட்டில் ஓர் அடுக்குமாடி வாசலில் ஜாகா வேலை. வருகிற காருக்குக் கம்பைத் தூக்குவார், போகிற காருக்குக் கம்பைத் தூக்குவார். அந்த வாசலில் அவருக்குப் பெயர் கிடையாது, 'அங்கிள்' மட்டும்தான். சித்திரையில் ஒரு வாரம் இங்கே வந்து நின்றால், ஆயிரம் பேர் 'சன்னாசியண்ணே, எறங்கலாமா?' என்று கேட்டுவிட்டுத்தான் தணலில் கால் வைப்பார்கள். அந்த ஒரு வாரத்துக்காகத்தான் மிச்ச ஐம்பத்தொரு வாரமும் கம்பு தூக்கினார்.

இரண்டாயிரத்து இருபத்து நான்காம் ஆண்டு ஜனவரி முதல் ஞாயிறன்று, நிலத்தை வாங்கிய கம்பெனியின் மானேஜர் பிரேம்நாத், வெள்ளைச் சப்பாத்தோடு படாங்கில் வந்து இறங்கினான். முப்பத்திரண்டு வயது, நல்ல பையன், கோயிலுக்குள் வரும்போது சப்பாத்தைக் கழற்றினான். கழற்றிவிட்டுச் சொன்ன செய்திதான் நல்லதாக இல்லை.

"அங்கிள், கோயில தொட மாட்டோம். கூரை இருக்கிற எடம் வரைக்கும் உங்களுக்கு. படாங்ல வீடு வருது. ஏப்ரல்ல வேலை ஆரம்பம்."

"அப்ப குழி?"

"என்ன குழி?"

சன்னாசி நேரே கோயிலுக்குள் போய், அம்மன் படத்துக்குப் பின்னால் கையை விட்டு, பிளாஸ்டிக் உறையில் இருந்த ஒரு காகிதத்தை எடுத்துவந்து நீட்டினார். எழுபத்து நான்கில் ரப்பரை அழித்துப் பனை நட்டபோது, முனி இருக்கும் மரத்தை மட்டும் சாய்க்க மாட்டோம் என்று ஆட்கள் கத்தியைக் கீழே போட்டுவிட்டார்கள். அப்போதிருந்த வெள்ளைக்காரத் துரை சமாதானத்துக்கு எழுதிக் கையெழுத்துப் போட்ட கடிதம் அது. ஐம்பது வருஷமாக அதற்கும் சேர்த்துத்தான் கற்பூரம் காட்டினார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை.

பிரேம்நாத் படித்தான். மறுபடியும் படித்தான். சிரித்துவிட்டான்.

"இந்த மரத்தோட வேர் எவ்வளவு தூரம் போகுதோ, அவ்வளவு தூரம் நெலம் கோயிலுக்கு. அப்படித்தான் எழுதியிருக்காரு அங்கிள்."

"எழுதியிருக்குல்ல?"

"இருக்கு. ஆனா இது செல்லுமான்னு..."

செல்லுமா என்று அவன் கேட்டது வக்கீலிடம் இல்லை, வீட்டில் தன் தாத்தாவிடம். பெத்தபெருமாள் செட்டியாருக்கு எண்பத்தாறு வயது. கம்பெனி அவருடையது. காகிதத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "கையெழுத்து இருக்கு, தேதி இருக்கு. நெலத்த வாங்குனா அதுமேல இருக்கிற எழுத்தையும் சேத்துத்தான் வாங்குறோம். வேர அளந்து குடுத்துரு" என்றாராம்.

"ஐயா, அது மரம், பதினஞ்சு அடி இருபது அடி போகும், அவ்வளவுதான்" என்று பிரேம்நாத்துக்கு உள்ளூரச் சந்தோஷம். மார்ச் முப்பதாம் தேதி, சனிக்கிழமை, சர்வேயர் வந்து தோண்டி அளப்பார் என்று நாள் குறித்துச் சொல்லிவிட்டான்.

பன்னிரண்டு வாரம். மரம் இந்தக் கோடியில், படாங் முந்நூற்று முப்பது அடி.

செய்தி வாட்ஸ்அப்பில் போன வேகத்துக்கு, மறுநாளே நூறு பேர் வந்து நின்றார்கள். வேர் வளர வேண்டும், அவ்வளவுதானே? வளர என்ன வேண்டும்? தண்ணீர். காளியம்மா அன்றைக்கே ஒரு மண்டலத்துக்கு நேர்ந்துகொண்டு முதல் குடம் மஞ்சள் தண்ணீரை மரத்தடியில் ஊற்றினாள். சன்னாசியைவிட நான்கு வயது மூத்தவள், அந்தக் காலத்தில் ஒரு நாளைக்கு ஐந்நூறு மரம் பால் எடுத்தவள், அவள் ஊற்றினால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? பால் ஊற்றினார்கள், இளநீர் ஊற்றினார்கள். ஒரு பெண் மிலோ கரைத்துக்கொண்டு வந்து ஊற்றினாள், முனிக்குச் சத்து வேண்டுமாம். லாரி மகேந்திரன் தினமும் ஒரு டேங்க் தண்ணீர் கொண்டுவந்து அடிமரத்தில் குழாயைத் திருப்பினான். மரத்தடி வயலாகிவிட்டது. தவளை வந்து குடியேறியது.

மூன்று வாரம் கழித்து சன்னாசி மண்வெட்டிச் சங்குலை எடுத்து, மரத்திலிருந்து பன்னிரண்டு அடியில் ஒரு கொத்துக் கொத்திப் பார்த்தார். வேர் இல்லை. பத்தடியில் பார்த்தார். இல்லை. ஆறடியில் கொத்தினால், ஒரு மூட்டை இடியாப்பம் மாதிரி வேர் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று படுத்துக் கிடந்தது. வெளியில் போயிருந்த வேர்கூடத் திரும்பி வந்த மாதிரி இருந்தது அவருக்கு.

மகள் ஷர்மினிக்கு வீடியோ போன் போட்டார். அவள் செர்டாங்கில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் இருக்கிறாள். கண்ணாடிப் பெட்டியில் செடி வளர்த்து, வேர் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்ப்பதுதான் வேலை. அந்த வேலையைச் சன்னாசி ஒருநாளும் யாரிடமும் விளக்கிச் சொன்னதில்லை. 'கவர்மெண்ட் வேலை' என்று முடித்துக்கொள்வார்.

ஷர்மினி இடியாப்பத்தைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ அப்பா! வாசல்லயே பந்தி போட்டா எவன் ரோட்டுக்குப் போவான்? காலடியில தண்ணி இருக்கு, அது எதுக்கு நடக்கணும்?"

"அப்ப ஊத்தக் கூடாதா?"

"அங்க ஊத்தக் கூடாது. வேருக்கு ஒரு பக்கம் ஈரம், ஒரு பக்கம் காய்ஞ்ச மண்ணு இருந்துச்சுன்னா, கிளைவேர் ஈரத்துப் பக்கம் மட்டும்தான் கெளம்பும். காய்ஞ்ச பக்கம் ஒண்ணு கூட விடாது. நானே கண்ணால பாத்திருக்கேன். மரத்தடிய காயப் போடுங்க. தூரத்துல கொஞ்சமா ஈரம் காட்டுங்க. அது வந்ததும் இன்னும் கொஞ்சம் தள்ளிக் காட்டுங்க."

"மாட்டுக்குப் புல்லுக் காட்டி இழுக்கிற மாரி?"

"அதேதான். ஒரு டாக்டர் பட்டத்த ஒரே வரியில சொல்லிட்டீங்க, போங்க."

சன்னாசிக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்று ஏறியது. வழி கிடைத்துவிட்டது! மகேந்திரனுக்கு வேகமாகச் சொன்னார், அவனும் துள்ளினான். அப்புறம்தான் இரண்டு பேருக்கும் உறைத்தது. மரத்தடியில் ஊற்றாதே என்று காளியம்மாவிடம் யார் சொல்வது?

"நீங்க சொல்லுங்கண்ணே. என்னைய அவங்க சங்குலாலயே அடிச்சிருவாங்க."

"என்னைய மட்டும் மால போட்டுக் கூப்புடுவாங்களாக்கும்?"

மறுநாள் காலை காளியம்மா இடுப்பில் குடத்தோடு வரும்போது சன்னாசி வழியில் நின்றார். சொல்ல வேண்டியதைச் சொன்னார். அவள் குடத்தை இறக்கவில்லை.

"ஏன்டா சன்னாசி, இருவது நாளு ஊத்திட்டேன். இன்னிக்கு இருவத்தொண்ணு. பாதியில நிறுத்துனா முனி என்னைய விடுவானா?"

"அக்கா, நிறுத்தச் சொல்லலக்கா. எடத்த மாத்தச் சொல்றேன்."

"சாமி இருக்கிற எடத்துல ஊத்தாம, கோல் போஸ்ட்டுலயா ஊத்துவாங்க?"

"கோல் போஸ்ட்டு வரைக்கும் சாமிக்கு வேணுமில்லக்கா."

காளியம்மா மரத்தைப் பார்த்தாள். படாங்கைப் பார்த்தாள். குடத்து மஞ்சள் தண்ணீர் ஒரு பக்கம் தளும்பிச் சொட்டியது. மகேந்திரன் லாரிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

"சரி" என்றாள். "வீட்டுக்குள்ள ஒக்காந்தவனுக்கு எலை போட்டது நம்ம தப்பு. நடக்க வைப்போம். ஆனா ஒண்ணு. இருவது குடத்தையும் தள்ளிட்டு மொதல்லேருந்து எண்ணுவேன். ஒரு நாளைக்கு ஒரு குடம், ஒரு குடத்துக்கு மூணு எட்டு. நாப்பத்தெட்டாவது குடம் அந்தக் கோடியில விழணும். நடுவுல எவனாவது மரத்தடியில எச்சி துப்புனாக்கூட மண்டைய ஒடைப்பேன்."

கணக்குப் போட்டால் அப்படியே படாங்கின் நீளம். சன்னாசிக்குப் புல்லரித்தது.

அன்றைக்கே மரத்தைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். தவளைகளை வாளியில் பிடித்துக் குளத்தில் விட்டார்கள். முதல் குடம் மரத்திலிருந்து மூன்று எட்டில் விழுந்தது, இரண்டாவது ஆறு எட்டில். இது பிப்ரவரி, மழை என்ற பேச்சே இல்லாத வெயில், சுற்றிலும் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்க, காளியம்மா ஊற்றிய இடம் மட்டும் தட்டு அகலத்துக்குக் கறுப்பாக ஈரமாக இருக்கும். நான்காம் நாள் சன்னாசி முதல் இடத்தைக் கையால் கிளறினார். வெள்ளையாக, தீக்குச்சி கனத்தில், ஒரு நுனி எட்டிப் பார்த்தது.

"வந்துட்டான்!" என்று அவர் போட்ட சத்தத்தில் கோயில் மணி தானாக ஒரு தடவை அடித்தது. அதைக் காற்று என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும்.

அதற்கப்புறம் வேரைப் பிடிக்க முடியவில்லை. எட்டாம் நாள், குடத்தை எடுத்து வரும் காளியம்மாவின் காலடிச் சத்தத்துக்கே மண் லேசாகப் புடைக்க ஆரம்பித்தது. பன்னிரண்டாம் நாள் அவள் அரை மணி நேரம் தாமதமாக வந்தாள், வேர் மண்ணுக்கு வெளியே அரைச் சாண் தலையை நீட்டிப் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பதினேழாம் நாள் மகேந்திரன் லாரியைப் படாங்கில் நிறுத்திவிட்டு ரொட்டி சானாய் சாப்பிடப் போனான். லாரி ரேடியேட்டரில் சின்ன ஒழுகல். இரண்டு ரொட்டி முடித்துத் திரும்புவதற்குள் வேர் ஐந்தடி விலகி வந்து, ரேடியேட்டர் தண்ணீரைக் குடித்து முடித்து, முன்பக்க இடது சக்கரத்தை மூன்று அங்குலம் தூக்கியிருந்தது.

"அண்ணே, ஜேக் இல்லாம டயர் மாத்தலாம்ணே!" என்று மகேந்திரன் கூவினான். அந்த லாரி இன்றைக்கும் ஓடுகிறது. போய்ப் பார்க்கலாம், இடது பக்கம் கொஞ்சம் மேடு.

இருபத்து மூன்றாம் நாள் மரம் இலையை உதிர்த்தது. ஒரே நாளில், ஓர் இலை பாக்கியில்லாமல். சன்னாசிக்குச் சோறு இறங்கவில்லை. முனி மரத்தைக் காயப் போட்டே கொன்றுவிட்டோமோ? குனோங் ராபாட் வாசலில் அன்று கம்பைத் தூக்கியவர் இறக்க மறந்து, பதினெட்டுக் கார்கள் கேட்காமலே உள்ளே போய்விட்டன.

"அப்பா, பயப்படாதீங்க" என்றாள் ஷர்மினி. "மாசி வெயில்ல ரப்பர் மரம் எலைய உதுக்கிறது வழக்கந்தானே? அதுக்கு மேல இப்ப தாகம் வேற. எலை இருந்தா தண்ணி ஆவியாப் போகும். மேல செலவக் கொறைச்சிட்டு, கீழ வேரு மேல போடுது. காய்ஞ்ச எடத்துல இருக்கிற வேரு தோல இறுக்கி மூடிக்கும், உள்ள இருக்கிற தண்ணி வெளிய போவாம. அது சாகலப்பா. அது ஓடுது."

ஓடத்தான் செய்தது. ஆனால் இருபத்தைந்தாம் நாள் நின்றது.

படாங்கின் நடுவில், மண் சோதனைக்கென்று கம்பெனி போன வருஷம் குறுக்கே ஒரு லொங்காங் வெட்டிப் போட்டிருந்தது. மூன்றடி அகலம், இடுப்பளவு ஆழம், அடியில் சொட்டு ஈரம் கிடையாது. அந்தப் பக்கம் ஈரம் காட்டினால் இந்தப் பக்கத்து வேருக்கு எப்படித் தெரியும்? காளியம்மா இருபத்தைந்தாவது குடத்தை லொங்காங்கின் அந்தக் கரையில் ஊற்றினாள். இருபத்தாறாவதையும் அங்கே மூன்று எட்டுத் தள்ளி ஊற்றினாள். இந்தக் கரையில் வேர் வந்த பாடில்லை. சன்னாசி லொங்காங்குக்குள் இறங்கி, சுவரில் காதை வைத்துக் கேட்டார். ஐம்பது பேர் மேலே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

மண் உதிர்ந்தது. அவர் மூக்குக்கு முன்னால், சுவரைத் துளைத்துக்கொண்டு, எலிவால் மாதிரி வழவழவென்று ஒரு வேர் வெளியே வந்தது. ஒரு கிளை இல்லை, ஒரு முடி இல்லை. காற்றில் கிளை விட்டால் காய்ந்து சாக வேண்டியதுதான் என்று அதற்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும். சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆற்றைக் கடக்கிற ஆள் மாதிரி, கையைக் காலைப் பரப்பாமல், நேராக, அந்தரத்தில் மூன்றடியைக் கடந்தது. நடுவில் ஒரு தடவை தொய்ந்தது.

"விடாத! விடாத!" என்று காளியம்மா கத்தினாள். "இன்னும் ஒரு சாண்தான்டா ராசா!"

அந்தக் கரை மண்ணைத் தொட்டதுதான் தாமதம், விர்ரென்று உள்ளே நுழைந்தது. அடுத்த நாள் தோண்டினால் அந்தப் பக்கம் ஈரத்தில் கைவிரல் கைவிரலாகக் கிளை விட்டிருந்தது. ஷர்மினியிடம் சொன்னபோது அவள் ஒன்றும் ஆச்சரியப்படவில்லை. "காத்து இருக்கிற எடத்துல கிளை விடுறத நிறுத்தி வைக்கும். ஈரம் திரும்பக் கெடைச்சா மறுபடியும் ஆரம்பிக்கும். சின்னச் செடியே செய்யும்பா" என்றாள். ஆனால் அன்று சாயங்காலமே லீவு எழுதிப் போட்டுவிட்டுப் பஸ் ஏறினாள்.

மார்ச் முப்பது. காலை எட்டு மணிக்கே படாங்கைச் சுற்றி மோட்டார்சைக்கிள். நாசி லெமாக் கடை ஒன்று தானாக முளைத்துவிட்டது. பெத்தபெருமாள் செட்டியார் காரை விட்டு இறங்கி, குடை நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். சர்வேயர் தனேஸ்வரன் சட்டைப் பையில் நான்கு பேனாவோடு வந்தார், சிரிக்கத் தெரியாத மனிதர்.

"வேர்னு சொன்னா போதாது" என்றார் தனேஸ்வரன். "இந்த மரத்து வேர்தான்னு எப்படித் தெரியும்?"

அதற்குத்தான் சன்னாசி தயாராக இருந்தார். இடுப்பிலிருந்து மரம் சீவும் கத்தியையும், மடியிலிருந்து பால் பிடிக்கிற மங்கையும் எடுத்தார். "நாப்பது மைல் சுத்துல ரப்பர் மரம் இது ஒண்ணுதான் சார். வேரச் சீவுறேன். பால் வந்தா எங்களது. வரலன்னா ஒங்களது."

தனேஸ்வரன் செட்டியாரைப் பார்த்தார். செட்டியார் தலையை ஆட்டினார்.

இருபதடியில் தோண்டினார்கள். வேர். சன்னாசி சீவினார். ஒரு நொடி ஒன்றுமில்லை, அப்புறம் வெள்ளையாகத் துளிர்த்து, கோடாக இறங்கி, மங்கில் சொட்டியது. கோல் விழுந்த மாதிரிக் கூட்டம் அலறியது. பிரேம்நாத் கை தட்டினான். இருபதுக்கு அவன் தயாராகத்தான் வந்திருந்தான்.

ஐம்பதடி, பால். நூறடி, பால். பிரேம்நாத் கைதட்டுவதை நிறுத்தினான். நூற்றைம்பதைத் தாண்டி லொங்காங்கில் தொங்கிய வேரை தனேஸ்வரன் குனிந்து பார்த்து, முதல் பேனாவைக் கீழே போட்டார். இருநூறு, இருநூற்றைம்பது, முந்நூறு! ஒவ்வொரு குழிக்கும் சன்னாசியின் கத்தி இறங்க, ஒவ்வொரு மங்கிலும் வெள்ளை சொட்ட, நூறு தொண்டை ஒன்றாகக் கத்தியது. தீமிதிக் குழி இருக்கும் இடமெல்லாம் எப்போதோ தாண்டியாகிவிட்டது. இனி இருப்பது கடைசிக் குடம். காளியம்மா பதினைந்து நாளைக்கு முன்னால் ஊற்றி, ஈரம் காயாமல் சாக்குப் போட்டு மூடிய இடம்.

சன்னாசியே தோண்டினார். ஒரு முழம். இரண்டு முழம். மண், மண், மண். வேர் இல்லை.

பிரேம்நாத் மெல்ல முன்னால் வந்தான். "முந்நூறு அடி அங்கிள், பெரிய விஷயம். ஆனா இந்தக் கடைசி முப்பது அடிலதான் எங்களுக்கு ரோடு வருது. ரோடு எங்களதுன்னா, நடுவுல இருக்கிற எடத்துக்கு ஆள் வரவே எங்க பர்மிட் வேணும்."

ஆயிரம் பேர், விறகு லாரி, தேர், எல்லாம் ரோட்டில் நிற்கிற மாதிரி ஒரு நொடி சன்னாசிக்குத் தெரிந்தது. குழிக்குள் மண்டியிட்டபடியே கையால் துழாவினார்.

"அப்பா" என்றாள் ஷர்மினி, கூட்டத்திலிருந்து. "முந்நூறுல வேர் எந்தப் பக்கம் பாத்துச்சு?"

ஓடிப்போய்ப் பார்த்தார். நேராக இல்லை. முழங்கை மாதிரி மடங்கி, வலது பக்கம் திரும்பியிருந்தது. அந்தப் பக்கம் என்ன இருக்கிறது? கம்பெனியின் கேபின் ஆபீஸ் இருக்கிறது. அதன் பின்சுவரில், பகல் முழுக்க ஓடும் ஏர்கோனிலிருந்து ஒரு குழாய், சொட்டு, சொட்டு, சொட்டு என்று மூன்று மாதமாக மண்ணை நனைத்துக்கொண்டிருந்தது. மாவட்டமே காய்ந்து கிடந்தபோது, கீழே பச்சைப் பாசி.

"குளுகுளுன்னு எடம் பாத்திருக்கான்யா!" என்று மகேந்திரன் தலையில் கைவைத்துச் சிரித்தான்.

சங்குல் பறந்தது. பாசிக்கு அடியில் தொடை கனத்தில் வேர். அது அங்கேயும் நிற்கவில்லை, கேபினுக்கு அடியில் போயிருந்தது. பிரேம்நாத் சாவியைத் தேடித் திறந்தான். உள்ளே பலகைத் தரையைப் பிளந்துகொண்டு மேலே வந்த வேர், தண்ணீர் ஊற்றும் எந்திரத்தை ஒரு சுற்றுச் சுற்றி, அவன் மேசையை நாலு அங்குலம் தூக்கி, மூன்றாவது இழுப்பறைக்குள் நுழைந்திருந்தது. இழுத்தால், பாதி குடித்த பாட்டில் ஒன்றை அணைத்துக்கொண்டு படுத்திருந்தது.

சன்னாசி கத்தியை வைத்தார். பால் மேசை மேல் விரித்திருந்த வரைபடத்தில் சொட்டி, படாங்கில் வரப்போகும் மூன்று வரிசை வீட்டையும் ஒவ்வொன்றாக வெள்ளையாக்கியது.

தனேஸ்வரன் நாடாவைச் சுருட்டினார். "முந்நூத்தி அறுவத்தி ரெண்டு அடி" என்றார். முதல் தடவையாகச் சிரித்தார். நன்றாகத்தான் சிரித்தார்.

செட்டியார் தடியை ஊன்றிக் கேபின் வாசல் வரை வந்து எட்டிப் பார்த்தார். "பிரேமு, எழுத்துப்படி பாத்தா ஆபீசும் கோயிலுது."

"ஐயா! அப்ப நான் எங்க உக்காருவேன்?"

"இங்கயே உக்காரு தம்பி" என்றாள் காளியம்மா, காலிக் குடத்தை இடுப்பில் மாற்றிக்கொண்டே. "வாடகையெல்லாம் வேணாம். சப்பாத்த மட்டும் வெளிய கழட்டிட்டு வந்துரு."

அந்தச் சித்திரையில் குழி இருபத்தொரு அடிக்குப் பதில் நாற்பது அடி வெட்டப்பட்டது. தணலைச் சன்னாசி தட்டிப் பரப்பினார். மஞ்சள் வேட்டியில் முதல் ஆளாக வந்து நின்ற பிரேம்நாத், வெறுங்காலோடு, "அங்கிள், எறங்கலாமா?" என்று கேட்டான். சன்னாசி மரத்தைத் திரும்பிப் பார்த்தார். புது இலை விட்டிருந்தது. ஒரு கையைத் தூக்கினார். ஆயிரம் பேர் தொண்டையும் ஒன்றாகத் திறந்தது.

படிப்பவர் மனம் தாங்காதே என்று குறைத்து எழுதியது ஒன்றுதான்: முனி இருந்த அந்த ரப்பர் மரத்தை, இந்தக் கதைக்குப் பதின்மூன்று வருஷம் முன்பே, இரண்டாயிரத்துப் பதினொன்றாம் ஆண்டு மார்ச் மாதம், கம்பெனி ஆள் கேட்டுக்கொண்டபடி, செயின்சா வைத்து அடியோடு அறுத்துச் சாய்த்தவர் சன்னாசி.